அக்கா ரிங் வந்துச்சா

பிசினஸ் கிளாசில் நிஜப் பீங்கான் தட்டில்தான் சாப்பாடு தருகிறார்கள். துணியில் கைதுடைப்பான். உப்புக்கும் மிளகுக்கும் கட்டைவிரல் அளவில் தனித்தனிக் குப்பி. பாதிப் பேர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவார்கள் என்று என் மகள் சரண்யா சொல்லியிருந்தாள். நான் எடுக்கவில்லை. அந்த மாதிரிக் காரியம் எனக்கு ஆகாது.

நாங்கள் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. துக்க வீடு என்பதால் பயணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கத் துடிக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் பதினாறு வீடு; எந்த வீட்டில் என்ன துடிக்கிறது என்பது முதலில் எனக்குத்தான் தெரியவரும். ஏழு மணிக்கு மேல் யார் வாசலில் பால் பாக்கெட் கிடந்தாலும் மணியடித்துவிடுவேன். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் வங்கிக்காரர் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கீழே கேமரா பழுதானபோது வாட்ச்மேன் துரைராஜ், "ரிப்பேர் ஆனா இன்னாம்மா, அதான் நீங்க கீறீங்களே" என்றான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மைதானே.

அதனால்தான் என் வீட்டுக்காரர் அய்யாதுரை தன் அக்காவைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். செல்லக்கனி, எனக்கு மதினி. எழுபத்தாறு வயது. நங்கநல்லூரில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆபீஸ் வேலைக்குப் போய், தம்பியைப் படிக்கவைத்து, தி.நகரில் பாத்திரக்கடை வைத்துக் கொடுத்து, எங்கள் ஊருக்கே வந்து என்னைப் பெண் பார்த்துக் கட்டிவைத்தவர்.

ஏற்பாடு இதுதான். தினமும் காலை ஆறரைக்கு மதினி என் போனுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங் அடித்து நின்றால் நன்றாக இருக்கிறார். இரண்டு அடித்து நின்றால் நாங்கள் உடனே கூப்பிட வேண்டும். பேசினால் காசு போகும் என்றிருந்த காலத்தில் தொடங்கியது. இப்போது நாளெல்லாம் பேசலாம், ஆனாலும் மதினி மாற்றவில்லை. இவருக்குக் காது மந்தம் என்பதால் ரிங் என் போனுக்கு வரும். காலையில் காபி குடிக்கும்போது இவர் கேட்பார்: "அக்கா ரிங் வந்துச்சா?" நான் வந்தது என்பேன். பிறகுதான் பேப்பரைப் பிரிப்பார்.

இரண்டு ரிங் என்றதும் பதறிவிடாதீர்கள். குற்றால சீசனுக்குக் கிளம்பி, ரயில் தாம்பரத்தில் நிற்கும்போது இரண்டு ரிங். கூப்பிட்டால், "ஏளா, தம்பி மாத்திரைய எடுத்துக்கிட்டானா?" என்று கேட்டார். இவருக்கு அந்தக் குரல் சரியாகப் படவில்லையாம், செங்கல்பட்டில் இறக்கிவிட்டார். மைசூர் போகும்போது தலைசுற்றல். சிங்கப்பூர் டூருக்கு இரண்டு நாள் முன்னால் கால் பிசகல். மூன்று பயணம். நான் எண்ணிக்கொண்டிருப்பவள் இல்லை. மூன்று.

இந்த முறை எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்காக சரண்யா டிக்கெட் எடுத்திருந்தாள். அவள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். நேப்பிள்ஸில் வந்து சேர்ந்துகொள்வாள். தீவு, எரிமலை, பிறகு கப்பலில் ஏதென்ஸ் என்று பன்னிரண்டு நாள். இதை நான் சொல்லிக்கொண்டு திரியவில்லை. யாராவது வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்டால், அடுத்த வாரம் நான் காய் வாங்கப்போவதில்லையே என்பேன். ஏன் என்று அவர்கள்தான் கேட்டார்கள்.

இங்கே அமீனா பீயைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்றாம் மாடி. போன வருஷம் துபாயில் இருக்கும் மகனிடம் போகிறேன் என்று பதினாறு வீட்டிலும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாஸ்போர்ட் தேதி முடியப்போகிறது என்று மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் பெட்டியோடு வந்து நின்றார். அதற்கு மீனம்பாக்கம் சுற்றுலா என்று பெயர் வைத்தது நான்தான். ஆறு மாதம் ஓடியது. நாங்கள் கிளம்பிய திங்கட்கிழமை காலை, அவர் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு கீழே வந்தார். "நல்லபடியா போய்ட்டு வாங்க புஷ்பம்மா. மீனம்பாக்கத்தோட நின்னுடாதீங்க" என்று சிரித்தார். துரைராஜ் சிரித்தான். நானும் சிரித்தேன்.

டாக்சி கிண்டியைத் தாண்டியபோது கைப்பைக்குள் போன் அடித்து நின்றது. எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

"அக்கா ரிங் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பழவந்தாங்கல்ல திரும்பினா அக்கா வீடு பத்து நிமிஷம். ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவமா?"

"நேத்துதான போயிட்டு வந்தீங்க. லவுஞ்சுல சூடா இட்லி போடுவாங்களாம். நேரத்தோட போவோம்."

முதல் நாள் மதினி இவர் நெற்றியில் செந்தூரம் வைத்து, "சந்தோசமா சுத்திட்டு வாங்க, எனக்கு என்ன ஆயிரப்போவுது" என்று அனுப்பியிருந்தார். பழவந்தாங்கல் சுரங்கப்பாதைத் திருப்பம் கண்ணைவிட்டு மறையும் வரை இவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லவுஞ்சில் இட்லி சுமார்தான். சட்னியில் தேங்காயைத் தேடவேண்டியிருந்தது. அங்கே போன் மறுபடி அடித்து நின்றது, கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று சத்தத்தை அணைத்தேன். விமானத்தில் உட்கார்ந்ததும் போனை ஃபிளைட் மோடில் போட்டேன். பணிப்பெண் வந்து சொல்வதற்கு முன்பே.

அந்த இருக்கை ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டிலாகிவிடுகிறது. போர்வையும் தலையணையும் தருகிறார்கள். படுத்தபடியே கடலைத் தாண்டினேன். அந்த நேரம் மதினியும் படுத்துத்தான் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

நேப்பிள்ஸில் ஃபிளைட் மோடை எடுக்காமல், போனைப் படம் எடுக்க மட்டும் வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை, ஓட்டல் மேசையில் காபி வந்ததும் இவர் கேட்டார். வந்தது என்றேன். அன்று படகில் ஒரு தீவுக்குப் போனோம். தண்ணீர் அப்படியொரு நீலம். இவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, அக்காவையும் கூட்டிவந்திருக்கலாம் என்றார். புதன்கிழமை காலையும் கேட்டார். வந்தது என்றேன்.

அன்று பாம்பேய் போனோம். எரிமலைச் சாம்பலில் மூடிப்போன பழைய ஊர். செத்தவர்கள் கிடந்த வாக்கிலேயே சுண்ணாம்பில் வார்த்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருத்தி ஒருக்களித்துக் கிடந்தாள். இவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"கையப் பாரு புஷ்பம். யாரையோ கூப்பிடுத மாதிரியே இருக்கு. ஒருத்தரும் வரலை பாத்தியா."

வெயில் ஏறுகிறது, வாருங்கள் என்றேன். அப்போதுதான் சரண்யாவின் போன் அடித்தது.

நங்கநல்லூரில் தினமும் கேட்டில் பூச்சரம் மாட்டிவிட்டுப் போகும் பூக்காரம்மாதான் பார்த்திருக்கிறார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் சரமும் எடுக்காமல் வாடித் தொங்கியிருக்கிறது. மாடி வீடு காலி. தெருவில் ஆள் சேர்த்துக் கதவை உடைத்தார்கள். மதினி குளியலறையில் கிடந்தார், இடுப்பு எலும்பு முறிந்து. கையில் போன். என் கண்ணில் அந்தப் பூச்சரம் பட்டிருந்தால் முதல் நாளே மணியடித்திருப்பேன்.

மறுநாளே கிளம்பினோம். அதுவும் பிசினஸ் கிளாஸ்தான். நான் சாப்பிடவில்லை.

விழுந்து ஒன்றிரண்டு நாள் உயிரோடு கிடந்திருக்கலாம் என்றார் டாக்டர். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க. புதன்கிழமை காலையிலகூட இவளுக்கு ரிங் குடுத்திருக்கா. விழுந்ததும் போயிருப்பா. கஷ்டப்படலை." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பதினாறாம் நாள் வரை வந்தவர்களிடமெல்லாம் இவர் அதைத்தான் சொன்னார்: அக்கா கஷ்டப்படலை. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை.

அமீனா பீ அந்தப் பதினாறு நாளும் சாப்பாடு கொண்டுவந்தார். எங்களுக்காக சைவமாகச் சமைத்து, புதுப் பாத்திரத்தில். பேரீச்சம்பழ டப்பாவைக் கழுவிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு என் தோளைத் தொட்டார். மீனம்பாக்கம் என்ற வார்த்தையை அவர் எடுக்கவேயில்லை. எடுத்திருக்கலாம். மாடிப்படியில் அவர் காலடி கேட்டால் இப்போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

மதினியின் பொத்தான் போனை போலீஸ்காரர் திருப்பிக் கொடுத்தார். உயிரில்லாமல் சாமி அலமாரியில் கிடந்தது. சார்ஜ் போட்டு வைத்தால் அக்கா இருப்பது மாதிரி இருக்கும் என்று இவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சின்ன பின் சார்ஜர் இப்போது எங்கும் கிடைப்பதில்லை என்று சொல்லிவைத்தேன். துரைராஜிடம் இருப்பது எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாதது என்ன. இன்று காலை இவரே கீழே போய் வாங்கிவந்துவிட்டார். கூடத்தில் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அதில் என்ன இருக்கும் என்று நான் பார்க்கவேண்டியதில்லை. சென்னையில் இறங்கி ஃபிளைட் மோடை எடுத்ததும் மதினியின் தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள் எனக்கு வந்தன. டாக்சியிலும் லவுஞ்சிலும் நேரில் அடித்த அழைப்புகள் மூன்று. போன் ஃபிளைட் மோடில் இருந்தபோது வந்தவை பதினொன்று. கடைசி அழைப்பு செவ்வாய் மாலை நாலு பத்துக்கு. நான் காதால் கேட்ட மூன்றும் இரண்டு இரண்டு ரிங். முதலாவது, கிண்டி தாண்டி அடித்தது, அதுவும் இரண்டுதான். மதினி முழுசாக அடிக்கவிட்டிருக்கலாம். விடவில்லை. இரண்டு அடித்தால் நாங்கள் கூப்பிடுவோம் என்பது ஏற்பாடு.

அந்தத் திருப்பத்தில் நான் மாத்திரையை நினைத்தேன், மைசூரை நினைத்தேன் என்று சொல்லலாம். நான் நினைத்தது வேறு. இரண்டு மணி நேரத்தில் பெட்டியோடு திரும்பி வந்து இறங்குவதையும், துரைராஜ் கேட்டைத் திறப்பதையும், மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்ப்பதையும் நினைத்தேன்.

பொய் சொன்னேன் என்று இவர் சொல்வார். திங்கட்கிழமை வந்தது என்றேன், வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தது என்றேன். அன்றும் வந்துகொண்டுதான் இருந்தது. புதன்கிழமை ஒன்றுதான் பொய். மற்றபடி நாற்பது வருஷமாக இவர் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை ரிங் என்று அவர் கேட்கவில்லை.