படிக்காம அமுக்காதீங்க மாப்பிள்ளை

இல்ல மாப்பிள்ளை, அவ வீட்ல இல்ல. பயப்படாம உள்ள வாங்க. பாத்து வாங்க, தரையெல்லாம் ஊசி கெடக்கும். கழுத்துல என்ன, ஹெட்போனா? என் வீட்ல என்ன மீட்டிங் நடக்கப் போகுது? சரி, இருக்கட்டும்.

ஒரு மாசமா எம்பொண்ணு இங்க இருக்கா, நீங்க அங்க இருக்கீங்க. அதப் பத்தி நான் ஒரு வார்த்த கேக்கப் போறதில்ல. கூப்பிட்டது கம்ப்யூட்டருக்காக. துணிய நகத்திட்டு உக்காருங்க. அது வக்கீலோட கோட்டு, மேல சாஞ்சிடாதீங்க, கேஸ் போட்டுடுவாரு.

சிரிங்க, சிரிங்க. தையக்காரிக்கு எதுக்கு மொபைல் ஆப்புன்னுதானே? ஆன்லைன்ல கிளாஸ் சேந்திருக்கேன். துணி குடுத்தவங்க பூராப் பேரும் ஆச்சா, ஆச்சான்னு போன் பண்ணி உசிர வாங்கறாங்க. அதுக்குத்தான், ஒரே ஒரு பட்டன். அவங்க அமுக்கினா, இன்னும் ஆகலன்னு சொல்லும். ஆயிட்டா என்ன சொல்லுமா? அது அடுத்த பாடத்துல வருதாம்.

இதுல என்ன வம்புன்னா, எம்ப்ராய்டரி டிசைன் போடற சாஃப்ட்வேர் இந்த லேப்டாப்லதான் இருக்கு. அது ஒரு தொட்டாச்சிணுங்கி. புதுசா எதப் போட்டாலும் படுத்துக்கும். அதுக்குத்தான் வர்ச்சுவல் மெஷின் போடச் சொன்னாங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டராம். உள்ள இருக்கறது என்ன கூத்தடிச்சாலும் வெளிய இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதாம். எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு குடித்தனம், ஒருத்தர் பண்றது ஒருத்தருக்குத் தெரியாது. நீங்க ஏன் தலையக் குனியறீங்க? நான் பொதுவாச் சொன்னேன்.

நேத்து நானே போட்டேன். உள்ள இருக்கறத ஆரம்பிச்சா ரெண்டுமே படுத்துக்குது. ஆமா, இருந்த மெமரி மொத்தத்தையும் உள்ள இருக்கறதுக்கே குடுத்துட்டேன். புதுசா வந்ததாச்சே, தாராளமா இருக்கட்டுமேன்னு. வெளிய இருக்கறதுக்கு மூச்சு விடக்கூட ஒண்ணும் மிச்சமில்லையா? அடப் பாவமே. பாதியாக் கொறைச்சுட்டீங்களா? அட, எந்திரிச்சுடுச்சே! கெட்டிக்காரர்தான். எம்பொண்ணும் இதத்தான் சொல்லுவா. என்ன, பல்லக் கடிச்சுக்கிட்டு சொல்லுவா.

இப்ப என்ன போடறீங்க? ஓ, ஆப் எழுதறதுக்கு வேண்டிய சாமானா? சரி. இருங்க, இருங்க. அது ஏதோ கேட்டுச்சே. என்னன்னே பாக்காம சரின்னு அமுக்கிட்டீங்க. இப்ப மறுபடி கேக்குது. அதுக்கும் சரியா? மாப்பிள்ளை, இந்த வீட்டையே அது பேருக்கு எழுதி வாங்கினாலும் உங்களுக்குத் தெரியப் போறதில்ல. எல்லாரும் அப்படித்தானா? இருக்கும். ஆனா நான் அளவெடுக்கும்போது ஒருத்தர் சும்மா தலைய ஆட்டினா நிறுத்திடுவேன். எதுக்குங்க சரி சொல்றீங்க, கைக்கா கழுத்துக்கான்னு கேப்பேன். வெட்டினப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்?

முடிஞ்சுதா? அப்ப போன்ல ஓட்டிப் பாக்கணும். உள்ளயே பொய்யா ஒரு போன் வரும்னாங்களே? கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர், அதுக்குள்ள ஒரு போனுன்னா இந்தப் பழசு தாங்காதா? சரி, நெசப் போனே மாட்டிடுவோம். உங்களுது வேண்டாம். அது ஆபீஸ்காரங்க பூட்டு போட்ட போன், இதெல்லாம் ஒத்துக்காதுன்னு நீங்கதானே சொல்லிருக்கீங்க. என்னுது பட்டன் போன். சிரிக்காதீங்க. இந்தாங்க, இத மாட்டுங்க.

யாருதா? கவரப் பாத்தாத் தெரியலையா? நீங்க அவளுக்கு வாங்கிக் குடுத்ததுதான். ஆப் ஓட்டிப் பாக்கணும்னு கேட்டேன், செட்டிங் எல்லாம் அவளே மாத்திக் குடுத்தா. ஏன் கைய இழுத்துக்கறீங்க? கடிக்காது.

மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன். கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன், இருந்தாலும் கேக்கறேன். அவ எதுக்கு வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? ரெண்டு நாள் கூப்பிட்டுப் பாத்தீங்க, எடுக்கல, அப்புறம் நீங்களும் வீம்பா இருந்துட்டீங்க. எங்கிட்டயே முந்தாநேத்துதான் வாயத் தொறந்தா. அன்னிக்கு ஹெட்போன் மாட்டிட்டு மீட்டிங்ல உக்காந்திருந்தீங்களாம். அவ பக்கத்துல வந்து நின்னு, வெளியூர்ல பெரிய வேல குடுக்கறாங்க, நீங்க இருன்னா இருந்துடறேன், போகட்டுமான்னு கேட்டாளாம். நீங்க அவ மூஞ்சியப் பாத்து தலைய ஆட்டினீங்களாம். கட்ட விரல வேற தூக்கிக் காட்டினீங்களாம்.

ஞாபகம் இல்லதான். எப்படி இருக்கும்? மீட்டிங்ல எவனுக்கு ஆட்டினீங்களோ. அவர் காதுல விழுந்திருக்காதுடின்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்காமயா விரலக் காட்டுவாரும்மாங்கறா. நாளைக்குக் காலையில கெளம்பறா.

அழாதீங்க. அதுக்கெல்லாம் நேரமில்ல. கேபிள மாட்டுங்க முதல்ல. ம், போன்ல ஏதோ வருது பாருங்க. இந்தக் கம்ப்யூட்டர நம்பலாமான்னு கேக்குதா? அந்தப் போனுக்கு ஒடையவங்க பூட்டத் தெறந்து, சரின்னு அமுக்கினாத்தான் மேல நகரும். எனக்கு அவ பூட்டு தெரியாது. போய்க் கூட்டிட்டு வாங்க.

எங்கேருந்தா? மாடியிலேருந்துதான். அவ இல்லன்னு சொன்னது பொய். பெட்டி அடுக்கிட்டிருக்கா. அவகிட்டயும் லேப்டாப் ரிப்பேர் பண்றவர் வர்றார்னுதான் சொல்லிருக்கேன். அப்புறம், மெமரி மொத்தத்தையும் குடுத்தாப் படுத்துக்கும்னு எனக்குத் தெரியாதா? முதப் பாடமே அதுதானே.

எந்திரிங்க. அவ ஏதாவது கேப்பா. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் தலைய ஆட்டுங்க. இருங்க, ஒரு நிமிஷம். கழுத்துல கெடக்குதே, அத இங்க கழட்டிக் குடுத்துட்டுப் போங்க.