ஆறிப்போன தோள்

இங்கதாம்மா. இன்னும் கொஞ்சம் மேல... ஆ! அதேதான். விரல் பட்டதுக்கே உயிர் போகுது. நீங்க என்னடான்னா ஸ்கேனைக் காட்டி, தோள்ல கிழிஞ்ச தசைநாண் ஆறிடுச்சுங்கறீங்க.

ஐயோ, நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலம்மா. பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னாரு. நரம்பு நுழையக்கூடாத இடத்துலயெல்லாம் புதுசா நரம்பு முளைச்சிருக்காம். குளூட்டமேட்டோ என்னவோ, வலிச் சேதியைத் தூக்கிட்டு ஓடற ரசாயனமாம். அதை வாங்கிக்கிற ரிசெப்டரும் பெருகிப்போச்சாம். வாசல் மாதிரின்னாரு. தட்டறது ஒருத்தன், திறக்கறது நூறு கதவு. காயம் ஆறினப்புறமும் அத்தனையும் திறந்தே கெடக்குதாம். ஏன் டாக்டர், முடிஞ்சிடுச்சுன்னு அதுங்களுக்கு யாரும் சொல்லமாட்டாங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. பாவம், வெளியில இன்னும் எத்தனை பேரு காத்திருந்தாங்களோ.

பயிற்சி குடுக்கற நீங்கதான் அதுங்ககிட்ட சொல்லப்போறீங்களா? இந்த டம்பெல்லை வெச்சா? இத்துனூண்டு இருக்கே! சரி சரி, கோவிச்சுக்காதீங்க. மெதுவா தூக்கி, மெதுவா இறக்கணும், வாராவாரம் கொஞ்சம் கூட்டணும். பழகப் பழக வலி அடங்கும். செய்யறேன்மா. வலி எனக்கென்ன புதுசா?

எதைத் தூக்கிக் கெடுத்துக்கிட்டேனா? சின்னவனைத்தான். கட்டில்லருந்து நாற்காலிக்கு, நாற்காலிலருந்து குளியலறைக்கு. அவங்க அப்பாவா? அவருக்கே செருப்பு மாட்டிவிட ஆள் வேணும். தூக்கணும்னா இவன் ரெண்டு கையையும் மேல நீட்டுவான். பேச்சு வராது, அதுதான் அவன் பேச்சு. கழுத்தைக் கட்டிக்கிட்டு காதுக்குள்ள மூச்சு விடுவான், கூசும். ஒரு நர்ஸ் வந்து, உடம்பைச் சுத்திப் பட்டை போட்டுத் தூக்கப் பழகிக்கோங்கன்னா. பட்டையைப் பார்த்தாலே கத்துவான். மூட்டையா அவன்? கையாலயே தூக்கினேன்.

ஒருநாள் பாதி வழியில தோள் விட்டுடுச்சு. ரெண்டு பேரும் தரையில. அவனுக்கு நெத்தி பொளந்துபோச்சு. அவரு என்னை ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த வாரமே அவரும் நாத்தனாரும் சேர்ந்து அவனை இப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பாத்துக்கற ஒரு இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டாங்க. உன் கை சரியாகட்டும், அன்னைக்கே கூட்டிட்டு வந்துடலாம்னாரு. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்.

கைக்குழந்தைன்னா நெனச்சீங்க? நல்லா இருக்கே! இருபத்திநாலு வயசும்மா அவனுக்கு. அம்பத்திரெண்டு கிலோ. இந்த ஒரு கிலோவுலருந்து அதுவரைக்கும் போக எத்தனை மாசம் ஆகும்?

தலையை ஆட்டாதீங்கம்மா. கொஞ்சம் சீக்கிரம் முடியுமான்னு மட்டும் பாருங்க. போன ஞாயித்துக்கிழமை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். எப்பவும் போல கட்டில் பக்கத்துல குனிஞ்சேன். என்னையே பார்த்துட்டு இருந்தான்.

கையை நீட்டல.

முடிஞ்சிடுச்சுன்னு அவனுக்கு மட்டும் யாரும்மா சொன்னது?