பொன்னுக்கு வீங்கி இல்ல, மதினி

இருங்க மதினி, அவசரப்படுத்தாதீக. டாக்டரம்மா சொன்னத மாத்திச் சொல்லிருவேனோன்னு எனக்கே பயமா இருக்கு. நான் அஞ்சாவதோட நின்னவ. தப்பாச் சொல்லிட்டா நாளைக்கு ஊரெல்லாம் அதத்தான பேசுவீக.

இது பொன்னுக்கு வீங்கி இல்ல. ஆமா, நீங்கதான் சொன்னீக, பெறகு யாரு? காதுக்குக் கீழ வீங்குனா வேறென்னடின்னு உங்க சங்கிலியக் கழட்டி எங் கழுத்துல போட்டீக. போட்ட கையோட, தம்பி பொண்டாட்டி கழுத்துல கெடக்குறது எந் தங்கம்னு கொழாயடியில போய்ச் சொன்னீக. பொன்னுக்கு வீங்கின்னா வலிக்கும் மதினி, காய்ச்சல் வரும், ஒரு வாரத்துல வத்திரும். இது வலிக்கவும் இல்ல, வத்தவும் இல்ல. ரெண்டு வருசமா நெல்லிக்காயாட்டம் வளந்துச்சு. நான் சங்கிலியத் தடவிக்கிட்டே திரிஞ்சேன், கூறுகெட்டவ.

எச்சி ஊறுற சுரப்பியில கட்டியாம். மெல்லிசு ஊசிய விட்டு உறிஞ்சி எடுத்துப் பாத்தாக. ஊசி குத்துனா பரவிரும்னு உங்க தம்பியக் கெளப்பி விட்டீகல்ல? பரவல. இப்பத்திக்கு நல்ல கட்டிதானாம். விட்டு வச்சா கெட்டதா மாறினாலும் மாறுமாம். எம்புட்டு ஆழத்துல கெடக்குன்னு ஸ்கேன்லயும் பாத்துட்டாக.

அறுத்தா வாய் கோணிக்கும், வாய் கோணிக்கும்னு அதையே சொல்லாதீக. பாண்டியம்மா சித்திக்கு இதே மாதிரி அறுத்தப்பக் கோணுச்சு, அது அந்தக் காலம். முகத்த ஆட்டுற நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளதான் ஓடுதாம். இப்ப தலமுடியாட்டம் கம்பிய முகத்துல குத்தி மிசினோட சேத்துருவாக. நரம்புகிட்ட போனா மிசின் சத்தம் போடும். அதுக்காகக் கோணவே கோணாதுன்னு அந்தம்மா சத்தியம் பண்ணல. கொஞ்ச நாளு இழுக்கலாம், பெரும்பாலும் சரியாயிரும்னுச்சு. அப்படிச் சொல்றவுக பேச்ச நம்பலாம்ல?

உங்க கவல எம் மூஞ்சி இல்ல. உங்க மக உமாமகேஸ்வரி பரிசத்துல கோணவாய்க்காரி தட்டுத் தூக்குவாளேங்குற கவல. பரிசம் முடியட்டும், பெறகு அறுத்துக்கன்னீக. கேக்கலன்னதும் போன வாரம் என்ன செஞ்சீக? ஆபரேசனுக்கு முன்னாடி பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாக. நர்சம்மா குடிக்கச் சொல்லுச்சுன்னு பிளாஸ்க்கத் தொறந்து காப்பிய நீட்டுனீக. நானும் நம்பிக் குடிச்சேன். வயித்துல காப்பியோட மயக்கம் குடுத்தா உசுருக்கே ஆபத்துன்னு அன்னைக்கு ஆபரேசன நிப்பாட்டிட்டாக. நர்சம்மாகிட்டக் கேட்டேன். அது உங்க மூஞ்சியவே பாத்ததில்லயாம்.

அழுகாதீக. பக்கத்துக் கட்டில்ல பாக்குறாக.

இன்னைக்கும் வெள்ளிக்கெழம வெள்ளன மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டீக. எதுக்கு வந்தீகன்னு தெரியும், பிளாஸ்க்குக் கூடைய அங்கனயே வைங்க. இம்புட்டு நேரமா எங்கூடப் பேசுறீக, தலையில எதுக்குடி முந்தானைன்னு ஒரு வார்த்த கேக்கல. என் வாயவே பாக்குறீகளே, எங்கனயாச்சும் கோணியிருக்கா?

உள்ள கட்டுப் போட்டிருக்கு மதினி. செவ்வாக்கெழமையே கட்டிய எடுத்துட்டாக. எங்கக்கா முருகலட்சுமிய மட்டும் தொணைக்கு வச்சுக்கிட்டேன். ஆபரேசன் வெள்ளிக்கெழமன்னு உங்க தம்பிகிட்டச் சொன்னது நாந்தான். அவருகிட்டச் சொன்னா உங்களுக்கு வந்துரும்னு தெரியும்ல.