ஊற்றாமல் கூடிய ஆயில்

திசையன்விளை பேருந்தில் என் முன்சீட்டில் பொக்லைன் முதலாளி ஒருவர் பக்கத்து மெக்கானிக்கிடம் பெருமையடித்தார்.

"நம்ம பழைய வண்டி அதிசயம்வே. ஊத்தாமலே இஞ்சின் ஆயில் கூடுது!"

மெக்கானிக் சிரிக்கவில்லை.

"ஆயிலு எங்கனயாவது குட்டி போடுமா அண்ணாச்சி? மோந்து பாத்தியளா?"

"டீசல் வாடை அடிக்கும்."

"டீசல் பம்பு உள்ளுக்குள்ள ஒழுகி ஆயில்ல கலக்குது. ஓட்டுனா இஞ்சின் ஜாம் ஆயிரும். வண்டி இப்ப நிக்கா, ஓடுதா?"

"தம்பி அதுலதான் இப்ப கிணறு வெட்டுதான். அந்த வண்டிதாம்வே எங்க சோறு!"

"அங்கன போன் இருக்கா?"

"பக்கத்துச் சோடாக்கடையில உண்டு."

"எறங்கிப் பேசுங்க. ஒடனே நிறுத்தணும்."

கண்டக்டரைக் கூப்பிட்டுப் பேருந்தை நிறுத்தச் சொல்லி முதலாளி இறங்கி, சாலையோர டெலிபோன் பூத்துக்கு ஓடினார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை போலும். பேருந்து வளைவில் திரும்பும்வரை, ரிசீவரைக் காதில் வைத்திருந்தவரின் உதடு அசையவே இல்லை.