மாறிய இனிஷியல்

— மிஸ், அந்த ஊசிய இப்ப போட வேணாம்னு உள்ள சொல்லுங்க.

— என்ன கஜீபன் தம்பி இது? ஒத்துக்காத மருந்து ஒண்டும் இல்ல எண்டு நீங்க செல்லித்தானே நான் கம்பியூட்டர்ல அடிச்சேன்.

— பதட்டத்துல சொல்லிட்டேன் மிஸ். இப்பதான் ஞாபகம் வருது. சுதர்சினி சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒரு ஊசி போட்டு, மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சே நின்னு போச்சாம். சிரிச்சிக்கிட்டே சொன்னா. இதே மாத்தளையில, இதே ஆஸ்பத்திரியில.

— என்ன ஊசி?

— தெரியாதுங்க.

— பொஞ்சாதிக்கிட்டயே கேட்டா?

— பேசுற நெலமையிலயா இருக்கா? கால் காயம் சீழ் புடிச்சி, காய்ச்சல்ல என்னையவே யாருன்னு கேக்குறா. நாவுலயிலருந்து த்ரீவீலர்ல வர்ற வழியெல்லாம் பினாத்திக்கிட்டுத்தான் வந்தா.

— பொறுங்க, உள்ளுக்குப் போன் எடுக்கிறேன். சிஸ்டர், கவுண்டர்ல றுஸைனா. சுதர்சினிக்கு மருந்து ஏத்த வேணாம், ஒத்துக்காதது ஒண்டு ஈக்கி. என்னண்டு பாத்துச் செல்றேன். ம்... சரி. தம்பி, கன நேரம் நிக்க ஏலாதாம். கிருமி ரத்தத்துல ஏறிட்டாம்.

— கம்பியூட்டர்ல பாருங்களேன் மிஸ். இங்க வந்த புள்ளதானே, அதுக்குத் தெரியாதா?

— அதுக்கு ஆள் தெரியாது தம்பி, நம்பர்தான் தெரியும். உள்ளுக்கு தனித்தனி அலுமாரி மாதிரி. ஒண்டுல பேரு, ஒண்டுல வந்த நாள், இன்னொண்டுல மருந்து. எல்லாத்தையும் சேத்துக் கட்டியிருக்கிறது அந்த ஆள்ட நம்பர். இண்டைக்கு நீங்க க. சுதர்சினி, புதுசு எண்டு செல்ல, நானும் புது நம்பர் குடுத்திட்டேன். அந்த நம்பர்ட மருந்து அலுமாரி வெறும்.

— கல்யாணத்துக்கு முந்தி லெ. சுதர்சினிங்க. அவங்கப்பா பேரு லெட்சுமணன்.

— லெ. சுதர்சினி... யா அல்லாஹ், ஒரு பக்கம் நெறைய ஈக்கி. பொறந்த தேதி செல்லுங்க.

— டிசம்பர் பதினொண்ணு.

— அதால பிரயோசனமில்ல. முந்தி இந்தக் கவுண்டர்ல ஈந்தவர் எஸ்டேட் தோட்டத்து ஆக்கள் எல்லாருக்கும் ஜனவரி ஒண்டு எண்டே அடிச்சி வெச்சிருக்காரு. ஐடி நம்பர்?

— ஐடி அவங்கப்பா வீட்டுல. கட்டுன துணியோட எங்கூட வந்தவ மிஸ். கோயில்ல தாலி கட்டினதோட சரி, அந்தப் பக்கமே போகல.

— அப்ப அவட வாப்பாட போன் நம்பரச் செல்லுங்க. அது ஈந்தா ஒரே தட்டுல எடுக்கலாம்.

— அந்த நம்பர அடிச்சா அவருக்கு மெசேஜ் போகுமா?

— பதிவத் தொறந்தா தானாப் போகும். ஏன்?

— தம்புள்ள மார்க்கெட்டு முழுக்க கத்தியோட என்னையத் தேடின மனுசன் மிஸ். மூட்டைகளுக்கு நடுவுல ஒளிஞ்சி தப்பினேன். இங்கதான் இருக்கோம்னு தெரிஞ்சா...

— தம்பி, உள்ளுக்கு ஈக்கிறது உங்கட பொஞ்சாதி.

— ...அடிங்க மிஸ். அப்பா போனத் திருடித்தான் எங்கிட்டப் பேசுவா. நம்பர் மனப்பாடம். இந்தாங்க, என் போன்ல போட்டுக் காட்டுறேன், பாத்து அடிங்க.

— ஈக்கி. அல்ஹம்துலில்லாஹ். சிஸ்டர், பென்சிலின். பென்சிலின் வகை ஒண்டுமே குடுக்க வேணாம்... போடல்லயே? ... சரி சரி. அதத்தான் எடுத்து வெச்சிருந்தாங்களாம் தம்பி. வேற மருந்து ஏத்துறாங்க. இருங்க அந்தக் கதிரையில.

— சரிங்க மிஸ். மெசேஜ் போயிருச்சா?

— போயிட்டுது. பொறுங்க, இந்த போன் நம்பருக்குக் கீழ இன்னொரு சுதர்சினியும் ஈக்கி. க. சுதர்சினி. போன மாசம் பதிஞ்சது. இதுலயும் பென்சிலின் சிவப்புல ஈக்கி.

— போன மாசம் நாங்க இந்தப் பக்கமே வரலியே. அவருக்கு வேற புள்ளையும் கெடையாது. யாரு மிஸ் பதிஞ்சது?

— கீழ குறிப்பு ஈக்கி, வாசிக்கிறேன்: 'மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. இனி மருமகன் கஜீபன் பெயரில்தான் வருவாள், வந்தால் இந்த ஊசி போடவேண்டாம் என்று தகப்பன் நேரில் வந்து சொன்னார்.'