பன்னிரண்டு வோல்ட்

பழைய புல்லட்டுக்குப் பேட்டரி வாங்கும்போது பலர் ஏமாந்துபோகிறார்கள், இன்ஸ்பெக்டர் சார். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். பெட்டிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். ஆசிட் ஊற்றுகிற வகையை நான் தொடுவதில்லை. மூடியோரம் கசிந்து, முனைகளில் பச்சையாகப் பூத்துக் கிடக்கும். பார்த்தாலே குமட்டும்.

என் வண்டி எழுபத்தெட்டாம் வருடத்தது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். சீல் போட்ட சின்ன பேட்டரி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். சுற்றி ஷூ தோல் துண்டைச் செருகினால் அதிர்வு தாங்கும். ஆம்பூரில் தோல் துண்டுக்கா பஞ்சம். மாதம் ஒரு முறை சார்ஜ் போடுவேன், முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவுவேன். அப்படியும் போன ஆடியில் செத்துப்போனது. அளந்து பார்த்தேன். ஒன்பது வோல்ட்.

அதே அளவு பேட்டரி தோல் பதனிடும் எங்கள் டேனரியின் கழிவுநீர்த் தொட்டி மேல் இருக்கும் விஷவாயு அலாரத்தில் இருந்தது. நான் அங்கே பராமரிப்பு சூப்பர்வைசர். அந்தப் பெட்டியைத் திறந்ததும் அருவருப்பாகிவிட்டது. உள்ளே தூசி, பல்லி எச்சம். இரண்டு வருடமாக யாரும் துடைக்கவில்லை. நல்ல பேட்டரி இப்படியா கிடப்பது. எடுத்துக்கொண்டு என் பழையதை அங்கே வைத்தேன். கரண்ட் இருக்கும்வரை பச்சை விளக்கு எரியும், பட்டனை அழுத்தினால் கத்தும். ரிஜிஸ்டரில் ‘சோதித்தேன், சரி’ என்று எழுதினேன்.

தொட்டிக்குள் ஆள் இறங்கும்போது மெயினை அணைக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கலக்கி மெஷின் சுற்றிவிடும். அந்த நேரத்தில் அலாரம் பேட்டரியில்தான் ஓடும்.

போன செவ்வாய் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. ஆதிகேசவன் வந்தான், பேரணாம்பட்டுக்காரன், தினக்கூலி. அவன் மேல் வீசும் பச்சைத்தோல் நாற்றம் எனக்கு ஆகாது. ஒருநாள் என் வண்டி சீட்டைத் தடவிப் பார்த்தான். சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

“இன்னா சார், பெட்டி கத்தும்ல?” என்றான்.

“கத்தும், எறங்கு.”

மெயினை நானே அணைத்தேன். அவன் இடுப்புக் கயிற்றை ஒருவர் மேலே நின்று பிடிக்க வேண்டும். நாற்றம் தாங்காமல் அதைக் கம்பியில் கட்டிவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு வண்டிப் பக்கம் போய் நின்றேன். கயிறு இரண்டு தடவை இழுபட்டது. சேறு அள்ளுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கயிறு ஆடவில்லை. பெட்டியும் கத்தவில்லை. ஒன்பது வோல்ட்டில் அது கத்தாது என்று எனக்குத் தெரியும்.

பிணவறை வாசலில் அவன் மனைவி சங்கீதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் கண்ணீரும் சளியும். வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை எரித்துவிட்டேன்.

ஆமாம் சார், பேட்டரியை மாற்றியது நான். தெரிந்தேதான் அவனை இறக்கினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்குக்காக என் வண்டியை ஸ்டேஷன் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள். மாதம் ஒரு முறை பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போடச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அது சாகக் கூடாது.