மஞ்சள் நாக்கு

“அம்மா, நாக்கை நீட்டுங்கோ.”

சனிக்கிழமை முற்பகல், நொய்கெல்ன் போகும் யு-பான் சுரங்க ரயிலில், எனக்கு எதிரே அமர்ந்திருந்த இளம் பெண் தன் தாயிடம் அப்படிச் சொன்னாள். தாயின் மடியில் கோயிலுக்கான பழங்களும் பூவும் இருந்தன.

“ஆக்கள் பாக்கினம், பிள்ளை.”

“இஞ்சை ஆருக்கு எங்கடை கதை விளங்கும்? நீட்டுங்கோ.”

நான் யன்னல் பக்கம் பார்த்தேன். தாய் கையால் மறைத்துக்கொண்டு நாக்கை நீட்டினார்.

“மஞ்சளா இருக்கு. உள்ளுக்குச் சூடு எண்டு சீனாவிலை படிப்பிச்சவை.”

“காலமை பருப்புக்கறி சாப்பிட்டனான். இப்பிடிப் பாத்தால் யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் சூடுதான்.”

மகள் சிரித்துவிட்டு, தாயின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தாள்.

“நாளைக்குத் திரும்பச் சீனாவுக்குப் போறன். நான் சீன வைத்தியம் படிக்கிறன் எண்டு இண்டைக்காவது கோயிலிலை சொல்லுங்கோவன், அம்மா.”

“அங்கை இங்கிலிஷ் படிப்பிக்கிறாய் எண்டு சொல்லியிருக்கிறன். அது பொய்யோ?”

“அது படிப்புச் செலவுக்குச் செய்யிற வேலை. நான் போனது வைத்தியம் படிக்க.”

“ஊசி குத்துற படிப்பு எண்டால் சனம் சிரிக்கும்.”

மகள் விரல்களை எடுத்துக்கொண்டாள். அடுத்த நிலையம் வந்தது. இறங்குவதற்கு எழுந்தபோது தாய் குரலைத் தாழ்த்தினார்.

“கோயிலிலை மாலை கட்டிற அக்காவுக்கு ஒரே தலையிடியாம். அவவின்ரை நாக்கையும் ஒருக்காப் பார்.”

“இங்கிலிஷ் ரீச்சர் ஏன் நாக்குப் பாக்கிறா எண்டு கேட்டால்?”

தாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“உச்சரிப்புப் பாக்கிறன் எண்டு சொல்லு.”